நஞ்சுமேட்டு உச்சிமாகாளி

எங்க குளத்துக்கு மடை ஒண்ணே ஒண்ணு இருந்த காலம். கரண்டுக் கம்பம் ஊருக்குள்ள வராத காலம். எங்க ஊரு இந்தக் கருவேலங்குறிச்சியில உச்சிமாகாளின்னு ஒருத்தர் இருந்தாராம். எங்க தாத்தாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். நான் அவரைக் கண்ணால பார்த்ததில்லை. எங்கப்பா சொல்லி நான் கேட்டது, இப்ப நான் சொல்லி நீங்க கேக்கப்போறது.

உச்சிமாகாளிக்கு வேலை தமுக்கு அடிக்கிறது. வரி கட்டணுமா, தமுக்கு. குளத்துல மீன்பிடிப்பா, தமுக்கு. மடை திறக்கப் போறாங்களா, தமுக்கு. மூணு தட்டுத் தட்டிட்டு, "இதனால சகல ஜனங்களுக்கும் தெரிவிக்கிறது என்னன்னா"ன்னு ஆரம்பிப்பாராம். அவர் சொன்னா அது நடக்கும். மீன்பிடிப்பு இல்லாத நாளைக்கு மீன்னு அவர் வாயில வந்ததே இல்லையாம். ஊர் அவரைத் தெருவுக்குள்ள சேர்க்காது, ஆனா அவர் சொல்லைச் சேர்த்துக்கிடும். அவருக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதைத்தான் ஒருத்தன் எடுத்துக்கிட்டுப் போனான். பேரைச் சொல்லுவேன். பெரியவீட்டுத் திருவாழி.

அப்பல்லாம் நெல்லுல கதிர் பால் பிடிக்கிற நேரத்துக்கு நாவாய்ப்பூச்சி வந்து இறங்குமாம். பாலை உறிஞ்சிட்டுப் போயிரும். கதிர் நிக்கும், உள்ள அரிசி இருக்காது. அதுக்கும் தமுக்குத்தான். "நாளைக்கு விடிய பூச்சி விரட்டு"ன்னு இவர் சொல்லிட்டா, வீட்டுக்கு ஒரு ஆள் வேப்பெண்ணெய் தடவின முறத்தோட வயலுக்கு வரணும். வரிசையா நின்னு கதிர் மேல வீசிக்கிட்டே போவாங்க. முறத்துல பூச்சி ஒட்டிக்கிடும். பாதி மாட்டும், பாதி பறந்து பக்கத்து வயலுக்குப் போகும்.

ஒரு வருசம் முறத்துக்கு அடங்காத பூச்சி. நூறு குடும்பத்துக்குப் பதருதான் மிச்சம். பசின்னா அப்படி ஒரு பசி. அடுத்த வருசம் கதிர் வர்ற நேரத்துல திருவாழி டவுனுக்குப் போயிட்டு வண்டி நிறைய தகர டின்னோட வந்து இறங்கினானாம். டின்னுக்குள்ள வெள்ளைப் பொடி. மக்கின நாத்தம்.

"ஏலே மாகாளி, நாளைக்குத் தமுக்குப் போடு. பூச்சி மருந்து வந்திருக்குன்னு சொல்லு."

"மருந்துங்களா ஐயா? பூச்சியைச் சாகடிக்கிறது எப்படி மருந்தாகும்?"

"பயிருக்கு நோவு, அதைத் தீர்க்கிறது மருந்துதானலே. நஞ்சுன்னு சொன்னா எவன் வயல்ல போட விடுவான்?"

"மனுசனை என்ன செய்யும் ஐயா?"

"ஒண்ணும் செய்யாது."

"ஐயா, நீங்க கேக்கிறது என் வாயை. பொய்யாப் போச்சுன்னா அப்புறம் எனக்கு வாய் கிடையாது."

திருவாழி சிரிச்சானாம். "நான் தின்னு காட்டுதேன். போதுமா ஒன் வாய்க்கு?"

தின்னான். அம்மன் கோயில் முன்னாடி, ஊர் பூரா பார்க்க. டின்னைத் திறந்தான். இடுப்புல ஒரு சுருக்குப்பை, அதுல திருநீறு எப்பவும் இருக்கும். அந்தப் பைக்குள்ள கையை விட்டான், நெத்தியில பூசினான், டின்னுக்குள்ள குனிஞ்சு கையை விட்டான், விரலை நக்கினான். "பார்த்துக்கோங்க, நான் செத்தா போயிட்டேன்?"ன்னான். ஊர் சிரிச்சுது.

தமுக்கடிக்கிறவன் கிட்ட நின்னு பார்க்கட்டும்னு திருவாழியே கூப்பிட்டதால, பக்கத்துல நின்னது உச்சிமாகாளி ஒருத்தர்தான். நெத்தியில பூசின பிறகு, டின்னுக்குள்ள குனியறதுக்கு முன்னாடி, திருவாழி கை பைக்குள்ள ரெண்டாந்தரம் போனதை அவர் பார்த்தாராம். சாமியைக் கும்பிட்டுட்டு ஆரம்பிக்கான்னு நினைச்சுக்கிட்டாராம். அவ்வளவு நல்ல மனசு. எனக்கு அந்த மனசு வராது.

மறுநாள் காலையில மூணு தட்டு. "இதனால சகல ஜனங்களுக்கும் தெரிவிக்கிறது என்னன்னா, பெரியவீட்டுல பூச்சி மருந்து வந்திருக்கு. எப்பேர்ப்பட்ட பூச்சியும் போயிரும். மனுசனுக்கு ஒண்ணும் பண்ணாது. நானே கண்ணால பார்த்தேன்." இப்படியே ஊர்க்கோடியில இருந்து வயல்காடு வரைக்கும் சொல்லிக்கிட்டே போனாராம்.

அவர் சம்சாரம் பேரு வண்டிமலைச்சி. அவ வீட்டு வாசல்ல நின்னு கேட்டா. அவங்களுக்கு ஒரே பொண்ணு, செம்பகம், நாலு வயசு. அந்தப் பிள்ளைக்கு வயித்துல பூச்சி. ஒரு மாசமா வயிறு உப்பி, பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தூங்கும். வேப்பங்கொழுந்து அரைச்சுக் குடுத்தும் போகலை. எப்பேர்ப்பட்ட பூச்சியும் போயிரும்னு புருசன் சொல்லுதார். மனுசனுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு புருசன் சொல்லுதார். பெரியவீட்டு மாட்டுத்தொழுவுல வேலை பார்த்தவகிட்ட ஒரு சிரட்டைப் பொடி வாங்கிட்டு வந்தா. ரெண்டு கரண்டி எடுத்துக் கருப்பட்டியில பிசைஞ்சு ஊட்டிட்டா.

வயல்காட்டுல இருந்தவரைக் கூட்டிட்டு வர ஆள் ஓடிச்சாம். அவர் தமுக்கோட ஓடி வந்தார். பிள்ளைக்குக் கையும் காலும் வெட்டி இழுக்குது. மடியில போட்டுக்கிட்டார். பிள்ளைக்கு என்னத்தைக் குடுத்தன்னு வண்டிமலைச்சிகிட்ட கேட்டார்.

"பூச்சி மருந்து. நீங்கதான சொன்னீங்க? இவ வயித்துல இருக்கிறதும் பூச்சிதான?"

பொழுது சாயறதுக்குள்ள பிள்ளை போயிருச்சு.

மூணாம் நாள் ஊர்க்கூட்டம். பொடி டின்னு ஒண்ணையும் நடுவுல வச்சிருந்தாங்க. உச்சிமாகாளி தள்ளி நின்னு கேட்டாராம்: "ஐயா, மனுசனுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு நீங்க சொல்லித்தான நான் சொன்னேன்?"

திருவாழி என்ன சொன்னான் தெரியுமா? "நான் பயிருக்குன்னு சொன்னேன். இவன் பயிருங்கிற சொல்லை விட்டுட்டான். தமுக்கடிக்கிறவனுக்கு ஒரு சொல்லை ஒழுங்காச் சொல்லத் தெரியலைன்னா அதுக்கு நானா பொறுப்பு?"

"நீங்க தின்னு காட்டுனீங்களே ஐயா."

"பயிர் மருந்தை எவன்லே திம்பான்? சும்மா தொட்டு நாக்குல வச்சேன்."

அப்பத்தான் உச்சிமாகாளிக்கு அந்தப் பை ஞாபகம் வந்துச்சாம். "நீங்க தொட்டது திருநீறு. அந்தப் பையில இருந்து எடுத்தீங்க. என் கண்ணால பார்த்தேன்."

"சாமி திருநீற்றை வச்சா பொய் சொல்லுத?"

"சரி ஐயா. டின்னு இந்தா இருக்கு. இப்ப ஒரு சிட்டிகை நாக்குல வைங்க. நான் பொய்யன்னு ஒத்துக்கிட்டு ஊரை விட்டுப் போயிருதேன்."

திருவாழி டின்னைப் பார்த்தானாம். எல்லாரும் அவனைப் பார்த்தாங்களாம். அவன் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "கண்டவன் சொல்லுதான்னு நான் நக்கணுமா"ன்னு எழுந்திருச்சுப் போயிட்டான்.

நூறு பேர் பார்த்தாங்க. அவன் நக்கலைங்கிறதை நூறு பேரும் பார்த்தாங்க. ஆனா அந்தப் பொடி தூவின வயல்ல பூச்சி கொத்துக்கொத்தா விழுந்து கிடந்துச்சு. கதிர்ல பால் நின்னுச்சு. இன்னும் பொடி வேணும், அது பெரியவீட்டுலதான் இருக்கு. அதனால நூறு பேரும் குனிஞ்சு தரையைப் பார்த்தாங்களாம். பெத்த பிள்ளையைக் கொன்ன வாய் இனி ஊருக்குச் சொல்ல வேண்டாம்னு தமுக்கை அவர்கிட்ட இருந்து வாங்கிட்டாங்க. திருவாழி செஞ்சதைக்கூட ஒரு ஓரமா வச்சிரலாம். இந்த நூறு பேர் குனிஞ்சாங்களே, அதை நான் எங்க வைக்கிறது? அவங்க பேரன் பேத்திங்கதான் இப்ப இங்க உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கீங்க. கேளுங்க.

கதை இத்தோட முடிஞ்சிருக்கும். முடியலை. பெரியவீட்டுக் குப்பையில காலி டின்னு ஒண்ணு கிடந்துச்சாம். உச்சிமாகாளி அதை எடுத்தார். மடைக்கு மேக்க ஒரு மேடு இருக்கு, அதுல ஏறி நின்னா எல்லா வயலும் தெரியும். எவன் வயல்ல பொடி தூவினாலும் அந்த மேட்டுல ஏறி டின்னுல மூணு தட்டு.

"இதனால சகல ஜனங்களுக்கும் தெரிவிக்கிறது என்னன்னா, நஞ்சு வந்திருக்கு. பிள்ளைகளைப் பிடிச்சுக்கோங்க. மாட்டைக் கட்டிக்கோங்க. மருந்துன்னு பேர் வச்சது திருவாழி. மருந்துன்னு சொன்னது நான். இது நஞ்சு."

முதல்ல சிரிச்சாங்க. தகரமாகாளின்னு பட்டப்பேர் வச்சாங்க. "என்ன தகரம், இன்னைக்கு யாருக்கு நஞ்சு?"ன்னு வரப்புல போறவன் எல்லாம் கேட்பானாம். "ஒனக்குத்தான், வீட்டுக்குப் போ"ம்பாராம். சிரிச்சவன் வீட்டுக்குப் போய் மாட்டைக் கட்டிப் போட்டான். அதையும் சொல்லணும்ல.

திருவாழி ஆள் அனுப்பினான். "என் பேரை விட்டுட்டுச் சொல்லு, தமுக்கைத் திருப்பித் தரச் சொல்லுதேன்."

உச்சிமாகாளி சொன்னாராம்: "என் பேரை விட முடிஞ்சா ஐயா பேரையும் விட்டுருவேன். என் பேரை விட முடியலை. என் பிள்ளை கேட்டது என் குரலை."

பத்து வருசம் அப்படி. மழையில நனைஞ்சு டின்னு ஓட்டையாகும், வேற டின்னு எடுப்பார். வண்டிமலைச்சி அந்தப் பத்து வருசமும் அவர்கூடப் பேசலைன்னு சொல்லுவாங்க. ஆனா டின்னுக்குக் கயிறு கட்டிக் குடுக்கிறது அவதானாம்.

ஒரு தை மாசம் அவர் செத்துப்போனார். மறுநாள் திருவாழி வயல்ல பொடி தூவினாங்க. தட்டுச் சத்தம் இல்லை. சத்தம் இல்லைன்னா நஞ்சு இல்லைன்னு ஊர் பழகிப்போச்சு. பெரியவீட்டு மாட்டுக்காரன் உழவு மாடு ரெண்டையும் அந்த வரப்புல மேய விட்டுட்டான். ரெண்டும் வாயில நுரை தள்ளி வயல்லயே விழுந்துச்சு.

திருவாழி மாட்டுக்காரனை அடிக்கக் கையை ஓங்கினானாம். திருவாழி சம்சாரம் கோமதி குறுக்க வந்து நின்னா. "அவனை ஏன் அடிக்கீங்க? சத்தம் கேக்கலை, ஓட்டிட்டு வந்துட்டான். சத்தம் போட்டவரைத்தான் நேத்து எரிச்சாச்சே. அன்னைக்குக் கோயில்ல நீங்க நக்குனது திருநீறு. அந்தப் பையை அன்னைக்குக் காலையில நான்தான் நிறைச்சுக் குடுத்தேன். மத்தியானம் காலியாத் திரும்பி வந்துச்சு. ஒரு நெத்திக்கு அம்புட்டுத் திருநீறு ஆகுமா?"

பத்து வருசம் தெரிஞ்சு வச்சிருந்திருக்கா. மாடு சாகுற வரைக்கும் வாயைத் திறக்கலை. நல்ல மனுசின்னு எங்க ஆளுங்க அவளைச் சொல்லுவாங்க. நான் சொல்ல மாட்டேன். ஆனா அவ செஞ்ச ஒண்ணை மறைக்கவும் மாட்டேன். அந்த மேட்டுல கிடந்த டின்னை எடுத்து, ஊர் பார்க்க மூணு தட்டுத் தட்டி, நஞ்சுன்னு சொன்னாளாம். இனி எவன் வயல்ல தூவினாலும் அவனே மேட்டுல ஏறித் தட்டணும்னு ஊர்ல பேசி முடிச்சது அதுக்கப்புறம்தான். திருவாழி மட்டும் சாகிற வரைக்கும் மேட்டுல ஏறலை. ஆள் வச்சுத் தட்டச் சொன்னான்.

பொடி போய் இப்ப புட்டியில வருது. முதுகுல மாட்டி அடிக்காங்க. ஆனா எங்க ஊர்க்காரன் கடையில போய் மருந்துன்னு கேட்க மாட்டான். "கதிருக்கு அடிக்கிற நஞ்சு குடுங்க"ம்பான். கடைக்காரன் சிரிப்பான். அடிக்கிறதுக்கு முன்னாடி மேட்டுல மூணு தட்டு, மூணு தடவை அந்தச் சொல்லு. அதனாலதான் அது நஞ்சுமேடு.

போன வருசம் திருவாழி பேரன் அங்க பலகை நட்டான். நஞ்சைமேடுன்னு எழுதியிருக்கு. நெல்லு விளையுற நஞ்சையாம். தாத்தன் நஞ்சுக்கு மருந்துன்னு பேர் வச்சான், பேரன் நஞ்சை வயலாக்கிட்டான். எனக்கு எழுத்து அவ்வளவா வராது. ஆனா 'சு'ங்கிற அந்த ஒரு எழுத்து வரும். கரியால திருத்திட்டு வந்துட்டேன். அவன் பெயிண்ட் அடிச்சான். நான் மறுபடியும் திருத்தினேன். அவனும் அடிக்கட்டும், நானும் திருத்துதேன்.

ஆனா அவன் வயலுக்கு அடிக்கிற அன்னைக்கு அவனே அந்த மேட்டுல ஏறித்தான் ஆகணும். ஆள் வச்சுத் தட்ட இப்ப ஊர் விடாது. அன்னைக்கு எனக்கு என்ன வேலை இருந்தாலும் போட்டுட்டு மடையடியில போய் நின்னுக்கிடுவேன். அவன் என்னைப் பார்ப்பான். நான் நகர மாட்டேன். மூணு தட்டுத் தட்டுவான். திருவாழி கடைசி மூச்சு வரைக்கும் ஊர் கேக்கச் சொல்லாத சொல்லை அவன் பேரன் மூணு தடவை சொல்லுவான். மூணும் காதுல விழுந்ததுக்கு அப்புறம்தான் நான் வீட்டுக்குத் திரும்புவேன்.