அருவிக்குப் போறவங்க பட்டியல்

இல்லக்கா, இன்னொரு தடவ பாருங்க. தப்பா நிரப்பல. நான் ஜெராக்ஸ் கடையில வேலை பாக்குறேன். ஒரு நாளைக்கு முப்பது ஃபாரம் நிரப்பிக் குடுக்குறேன். இந்த ஊர்ல பாதிப் பேரோட பிறந்த தேதி எனக்குத்தான் மனப்பாடமாத் தெரியும். பேரைக் கோடு போட்டு அடிச்சிருக்கேன், ஒத்துக்கறேன். அடிச்சது வேற, தப்பா நிரப்புனது வேற.

ஆமா, இந்த வாரத்துல மூணாவது தடவதான் வர்றேன். உங்க வனத்துறை ஆபீஸ் ஜன்னல் முன்னாடி வந்து நிக்கணும்னு எனக்கு மட்டும் ஆசையா? திங்கக்கிழமைலேர்ந்து மழைக்காக அருவிப் பாதைய மூடுறீங்க. போனா இந்த ஞாயித்துக்கிழமை, இல்லன்னா நாலு மாசம் கழிச்சு. நாலு மாசம்லாம் எனக்குத் தாங்காது. ஞாயித்துக்கிழமைக்கு பாஸ் வாங்காம நான் நகரப்போறதில்ல. நீங்க வேணா ஜன்னலச் சாத்திக்கோங்க.

அடிச்ச பேரா? அது பெரிய கூத்து. முதல்ல அஞ்சு பேரு. அப்பா, அம்மா, நான், அப்பா பக்கம் அத்தை ஒண்ணு, அம்மா பக்கம் மாமா ஒண்ணு. யாரும் என் பக்கம் ஆளில்லன்னு சொல்லிடக் கூடாதுன்னு சமமாப் போட்டேன். அத்தை அட்டை கடிக்குமான்னு கேட்டாங்க. கடிக்கும், உப்பு வச்சா விழுந்துரும்னேன். மறுநாளே அவங்களுக்கு முட்டிவலி வந்துருச்சு. பொய் சொல்லியிருக்கலாம்தான், எனக்கு அது வரமாட்டேங்குது. மாமா, கார் அருவி வரைக்கும் போகும்லன்னாரு. போகாது, ஏழு கிலோமீட்டர் நடைன்னேன். போகவர ஏழான்னாரு. போக மட்டும் ஏழுன்னேன். அதுக்கப்புறம் என் ஃபோனையே எடுக்கல.

சரி, போகட்டும், மூணு பேர் போதும்னு இருந்தேன். அந்த மூணு பேர வச்சுக்கிட்டே நான் படுற பாடு இருக்கே.

எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு கேளும்பாங்க அம்மா. நான் போய் அப்பாவைக் கேப்பேன். அஞ்சுன்னு சொல்லும்பாரு. வந்து அஞ்சும்பேன். அஞ்சுக்குக் கிளம்பணும்னா யாரு மூணு மணிக்கு எழுந்து சாப்பாடு கட்டுறதாம்னு கேளும்பாங்க. போய்க் கேப்பேன். ரொட்டியும் முட்டையும் போதும்னு சொல்லும்பாரு. ரொட்டி நேத்தே காலின்னு சொல்லும்பாங்க. வீடு என்ன அரண்மனையாக்கா? ரெண்டு ரூம். நடுவுல ஒரு கதவு, அதுவும் ஒழுங்காச் சாத்தாது. அவரு அஞ்சுன்னு சொன்னது அம்மாவுக்கு அங்கயே கேட்டுருச்சு. இருந்தாலும் நான் வந்து வாயைத் திறக்குற வரைக்கும் அடுப்பையே பாத்துக்கிட்டு நிப்பாங்க.

சிரிக்காதீங்க. ஒன்றரை வருஷமா இதே கதைதான். போன மாசம் எனக்குக் காய்ச்சல், எழுந்திரிக்க முடியல. தொட்டி நிரம்பித் தண்ணி வழியுது. வழியறது அம்மா நிக்கிற பக்கம். மோட்டார் சுவிட்ச் இருக்கறது அப்பா ரூம்ல. அம்மா நேரா என்கிட்ட வந்து, போர்வையை விலக்கி, மோட்டாரை நிறுத்தச் சொல்லுன்னாங்க. நான் படுத்தபடியே, அப்பா மோட்டாருன்னேன். அவரு நிறுத்துனாரு. நிறுத்திட்டு, நிறுத்தியாச்சுன்னு சொல்லுன்னாரு. தலை வெடிக்குது எனக்கு.

எதுக்குச் சண்டையா? அத விடுங்கக்கா, ஃபாரத்தப் பாருங்க.

இந்தக் காட்டை ஏன் புடிச்சேன்னா, உங்க விதிமுறை நோட்டீஸ் எங்க கடையிலதான் ஜெராக்ஸ் எடுத்தீங்க. இருநூறு காப்பி. ஒவ்வொண்ணுக்கும் நான்தான் பின் அடிச்சேன். பின் அடிக்கும்போது படிக்காம என்ன பண்றது? தனியா யாரையும் விடமாட்டோம், ரெண்டு பேராவது இருக்கணும். ரெண்டாவது கிலோமீட்டருக்கு மேல ஃபோன்ல சிக்னல் கிடைக்காது. நாலு இடத்துல ஓடையைக் கயிறு புடிச்சுத் தாண்டணும். முன்னாடி போறவரு பாறை வழுக்குதா இல்லையான்னு பின்னாடி வர்றவருக்கு வாயால சொல்லணும், சைகை காட்டக் கூடாது. வாயால சொல்லணும்னு அந்த நோட்டீஸ்ல போட்டிருக்கு பாருங்க, அதைப் படிச்சதும் மிஷினை நிறுத்திட்டேன். முதலாளி வந்து, பேப்பர் சிக்கிடுச்சான்னு கேட்டாரு.

அம்மாவைச் சம்மதிக்க வைக்க நாலு நாளாச்சு. ஷூ இல்லன்னாங்க, என் சம்பளத்துல வாங்கிக் குடுத்தேன். கடிக்குதுன்னாங்க, வேற அளவு மாத்திட்டு வந்தேன். அப்பா, அவ வர்றாளான்னு கேட்டாரு. வர்றாங்கன்னேன். சாயங்காலம் பாத்தா, ஒரு கம்பை இழைச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, ஊன்றி நடக்கறதுக்கு. இழைச்சு முடிச்சுக் கதவு ஓரமாச் சாத்தி வச்சாரு. மறுநாள் பாத்தா பக்கத்துல இன்னொண்ணு, கொஞ்சம் குட்டையா. என் உயரமும் அவர் உயரம்தான், அது எனக்கில்ல.

அதனாலதான் சொல்றேன், இந்த ஞாயித்துக்கிழமையை விட்டா அந்தக் கம்பு ரெண்டையும் அடுப்புல வைக்க வேண்டியதுதான்.

எந்தக் கட்டம்? அவசரத் தொடர்பு நம்பரா? நடக்கப் போறவங்க நம்பரை அதுல போடக் கூடாதுன்னு தெரியும்க்கா. வெளியில இருக்கறவங்க நம்பர்தான் போடணும். நோட்டீஸ்ல கடைசிக்கு முந்தின விதி. நான் சரியாத்தான் போட்டிருக்கேன். ரெண்டு பேருக்கும் என் நம்பர்.

ஆமா. என் பேர் மேலயும் ஒரு கோடு போடணும். அதுக்குத்தான் இன்னிக்கு வந்தேன். நானே அடிச்சா நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு அடிக்காம வச்சிருக்கேன். ரெண்டு பேர் இருந்தாப் போதும்ல? இருக்காங்கல்ல?

எனக்குத் திங்கக்கிழமை காலையில பஸ். வேற ஊர்ல ஒரு அச்சகத்துல வேலை கிடைச்சிருக்கு, தங்க இடமும் அவங்களே தர்றாங்க. வீட்ல சொல்லியாச்சு. தனித்தனியாத்தான் சொன்னேன், வேற எப்படிச் சொல்றது? அம்மா கேட்டுட்டு, அவர்கிட்ட சொல்லிடுன்னாங்க. அப்பா கேட்டுட்டு, அவகிட்ட சொல்லிட்டியான்னாரு. அவ்வளவுதான். நான் போனா செவ்வாக்கிழமை யாரு மோட்டாரை நிறுத்தச் சொல்லுவாங்கன்னு ரெண்டு பேருக்கும் தோணல.

சண்டை எதுக்குன்னு கேட்டீங்கல்ல. நான் பதினொண்ணாவதோட படிப்பை நிறுத்துனதுக்கு. நீ குடுத்த செல்லம்னு அவரு, நீங்க போட்ட அதட்டல்னு இவங்க. எனக்குக் கணக்கு வரல, பிடிக்கல, நின்னுட்டேன். வேற ஒண்ணுமில்ல. இதை அன்னிக்கே சொன்னேன். பெரியவங்க பேசும்போது நடுவுல பேசாதன்னு ரெண்டு பேரும் சேந்து கத்துனாங்க. அவங்க சேந்து கடைசியாப் பேசுனது அதுதான்.

இல்ல, ஏமாத்தவெல்லாம் மாட்டேன். ஞாயித்துக்கிழமை நானும் கேட் வரைக்கும் வருவேன். அவங்க உள்ள போனதும் நான் வரலன்னு சொல்லுவேன். ஒரே ஒரு தடவதான் சொல்லுவேன், ரெண்டு பேருக்கும் சேத்து. போறதா திரும்புறதான்னு அவங்களே நின்னு பேசிக்கட்டும்.

கோட்டுக்குப் பக்கத்துல உங்க கையெழுத்தும் போட்டுருங்கக்கா. இல்லன்னா கேட்ல, மூணாவது ஆள் எங்கன்னு கேப்பாங்க.