ஊட்டுக்குள்ள எதுக்கு தேங்க்ஸ்?

ஐயே, நவுந்து எடம் குடுத்ததுக்குப் போயி தேங்க்ஸ் எதுக்கும்மா? நல்லா உக்காரு. அந்தப் பைய மட்டும் இந்தப் பக்கம் இடிக்காம மடியில வெச்சிக்க. ஆங், அப்பிடித்தான்.

ஆண்ட்டியா? கூப்புடு, கூப்புடு. புஷ்பவள்ளின்னு பேரு. செம்மண்டலத்துலேர்ந்து சிதம்பரம் போறேன். கோவமா? உன்மேல என்னாம்மா கோவம், இப்பதான பாக்குறேன் உன்னிய. நீ வேத்து மனுஷி, தாராளமா சொல்லலாம். எனக்கு அந்த தேங்க்ஸுன்ற வார்த்தமேலதான் கடுப்பு.

அது எதுக்குத்தான் ஆவல, சொல்லு? பொடவக் கடையில கடைய புரட்டிப் போடச் சொல்லிட்டு, தேங்க்ஸுங்கன்னு எழுந்தா, வாங்கலன்னு அர்த்தம். எங்க நாத்தனாரு போன்ல, சரி சரி தேங்க்ஸுன்னா, வெச்சிட்டுப் போடின்னு அர்த்தம். என் பொண்ணு இலக்கியா இருக்காளே, நான் சரின்னு சொல்றதுக்கு முன்னாடியே தேங்க்ஸும்மான்னுடுவா. அப்புறம் எங்க மாட்டேன்றது? கல்யாணத்துல குடுக்குற தாம்பூலப் பையில கூட அச்சடிச்சிர்றாங்க. உள்ள இருக்குற தேங்காய விட எழுத்து பெருசு.

ஆனா ஊட்டுக்குள்ள? சோறு போட்டதுக்கு உங்கம்மாவுக்கு ஒரு நாளு சொல்லியிருக்கியா? பாத்தியா, சிரிக்கிற.

எங்க ஊட்டுக்காரரும் கட்டுன நாள்லேர்ந்து சொன்னதே இல்ல. பண்ருட்டில முந்திரி மண்டி வெச்சிருந்தாரு, ஏலம் கேக்குற வாயி. கொழம்புல உப்பு ஒரு கல்லு ஜாஸ்தின்னா தெருவுக்கே கேக்கும். நானும் சும்மா உடமாட்டேன்னு வெச்சிக்க. இப்ப கொஞ்ச நாளா உப்பே இல்லாத கொழம்ப ஊத்துறேன், மூச்சு உடாம தின்னுட்டு, தேங்க்ஸ் வள்ளின்றாரு. காப்பிக்கு தேங்க்ஸ். துண்டு எடுத்துக் குடுத்தா தேங்க்ஸ். நான் என்னா லாட்ஜா நடத்துறேன்? கூட இருந்த மனுஷன் திடீர்னு விருந்தாளியாட்டம் ஆயிட்டாரும்மா. அழுகாச்சியா வருது.

இன்னிக்கி பஸ் ஏறும்போது அவரு கையிலேர்ந்து பைய வாங்குனேன், அதுக்கும் ஒரு தேங்க்ஸ். போய்யான்னுட்டு இங்க வந்து உக்காந்துட்டேன். அதோ, டிரைவருக்குப் பின்னாடி, மாஸ்க் போட்டுக்கிட்டு.

சளியெல்லாம் இல்லம்மா. அவருக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சி. என்னுதுல ஒன்னு குடுத்தேன். அதான் பைய இடிக்காதன்னது. ரெண்டு பேருக்கும் இன்னிக்கி செக்கப்பு. அட, நீ ஏன் கண்ணு கலங்குற? குடுத்தது எனக்கு பெருசா தெரியல. அத கடனாட்டம் நெனச்சிக்கிட்டு வாயப் பொத்திக்கிட்டுக் கெடக்குறாரு பாரு, அதுதான் தாங்கல.

இரு, திரும்புறாரு. என்னாங்க? வெந்நி பாட்டிலா? ஐயையோ, அடுப்பு மேடை மேலயே வெச்சிட்டு வந்துட்டேங்க!

காதுல உழுந்துச்சா? மண்டைல களிமண்ணாடி இருக்குதுன்றாரு! பஸ்ஸே திரும்பிப் பாக்குது.

காலக் கொஞ்சம் மடக்கும்மா, வழி உடு. பக்கத்துல போயி உக்காந்து நானும் நாலு கேக்க வேணாம்? இப்பதான் என் கிட்னி அவருக்கு ஒழுங்கா வேல செய்யுது.