குளிர்காலச் செடியைத் தேடிய தனேஸ்வரி அம்மையாருக்கு

மெல்பன் மேற்குச் சமவெளியின் புல்லைப் பெயர்சொல்லி அறிந்தவரே! பாம்புக்கும் பகல்வெயிலுக்கும் அஞ்சாமல் பரல்கல்லிடையே நடந்தவரே! பார்க்காததை எழுத மறுத்த எங்கள் தனேஸ்வரி அன்ரியே! வணக்கம்.

இப்பிரியாவிடை மடல் அவையோர் முன் வாசிக்கப்படுவது. ஆகவே இனி 'அவர்' என்றே சொல்கிறோம்.

முப்பத்தொரு ஆண்டுகள் அவர் செய்த வேலை சொல்ல எளிது. வீடுகள் எழப்போகும் காணிகளில் முதலில் அவர் நடந்தார். காக்கவேண்டிய செடி உண்டா, இல்லையா என்று எழுதிக் கையொப்பமிட்டார். இல்லை என்றால் இயந்திரம் இறங்கும்.

புதிதாகச் சேரும் எவரையும் அவர் முதலில் அச்சமவெளியின் ட்ருகனினாப் புறநகருக்கே அழைத்துச் செல்வார். பண்டகசாலைகளுக்குப் பின்னால் வெட்டவெளியில் நிறுத்திச் சொல்வார்: இங்கே ஆதிக்குடிப் பெண்கள் கூர்தடியால் கிழங்கு தோண்டினார்கள். புல்லை முறைவைத்து எரித்துத் தளிர்க்கவிட்டார்கள். ஆடுகள் வந்து கிழங்கைத் தின்று தீர்த்தன. ஆடு கொண்டுவந்தவர்கள் ஆட்களைத் துரத்தினார்கள். கல்வேலி எழுந்தது. பிறகு கோதுமை.

"அதுக்குப் பிறகு ஆர் வந்தது, அன்ரி?" என்று கேட்டார் எங்களில் ஒருவரான லக்சன்.

"நாங்கள்தான். டபுள் கராஜ் வீடுகளோட."

அன்று சிரித்தோம்.

அவருக்குப் பிழையே நேர்ந்ததில்லை என்று எழுதினால் அவரே அதை வெட்டிவிடுவார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரிக் கோடையில், வீடு கட்டுவோர் அவசரப்படுத்தினார்கள். அவர் தேடவேண்டிய செடி ஒரு சாண் உயரம். குளிர்காலத்தில் மட்டும் மஞ்சளாகப் பூக்கும். கோடையில் காய்ந்த புல்லுக்குள் கண்ணில் படாது. இல்லை என்று எழுதினார். ஜூன் குளிரில் தனியே திரும்பிப் போனார். வேலிக்கு வெளியே பதினொரு செடிகள் பூத்திருந்தன. உள்ளே கொங்கிரீட் காய்ந்துகொண்டிருந்தது.

அதன்பின் கோடையில் பார்த்த எந்தக் காணிக்கும் அவர் 'இல்லை' எழுதியதில்லை.

இக்கோடையில் ஓய்வுபெறும் அவருக்கு இம்மாதம் கடைசிக் காணி. மனைகள் ஏற்கெனவே விற்றாயிற்று.

"மேடம், வெறும் புல்லுதானே இருக்கு? ஒரு கையெழுத்துதான்," என்றார் எங்கள் மேலாளர் சேகர்.

"இப்ப புல்லுத்தான் தெரியும். ஜூனில வந்து பாருங்கோ."

"ஜூன்ல நீங்க இருக்க மாட்டீங்களே."

"காணி இருக்கும்தானே, சேகர்?"

அவர் கையொப்பமிடவில்லை. அவருக்குப் பதில் ராகவி இட்டார். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை. மறுநாள் அலுவலகக் குசினியில் ராகவியே அவரிடம் போய் அதைச் சொன்னார்.

"ஓம் பிள்ளை, பார்த்தனான்," என்றார் அவர். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். "நானும் ஒருக்காப் போட்டனான். போட்ட அண்டைக்கு ஒண்டும் செய்யாது. பூவைக் கண்ட பிறகுதான் நித்திரை போகும்."

திங்கட்கிழமை இயந்திரம் இறங்கியது.

இதை மடலில் எழுதவேண்டும் என்றவர் ராகவி. சேகர் மறுக்கவில்லை.

அம்மையீர்! தங்களை வாழ்த்தும் தகுதி எங்களுக்குக் குறைவு. ஆயினும் வாழ்த்துகிறோம். முழங்கால் நோவின்றி, கண்ணொளி மங்காது, குளிர்காலங்கள் பல காண்க. ஜூன் மாதம் அந்தக் காணியின் ஓரத்துக்குத் தாங்கள் போவீர்கள் என்று அறிவோம். தனியே போகவேண்டாம். எங்களையும் கூட்டிப்போய், நிறுத்தி, காட்டுங்கள்.

இவண்,
சேகர்
லக்சன்
ராகவி