கயிற்றில் இல்லாத முள்வாங்கி

– இல்லை, எழுதினதை முழுசா வாசிச்ச பிறகுதான் நீங்க பேசணும். வரிசை மாறக் கூடாது. கேளுங்க. ‘எத்தியோப்பியக் கணக்கில் இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு, ஹிதார் மாதம் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை. கோஜாம் மேட்டுச் சுகாதார நிலையம். பெயர் வெர்க்கினேஷ், வயது ஐம்பத்து நான்கு. வலக்கண் மேலிமை உட்புறமாக மடங்கியுள்ளது. இடக்கண் நன்று. இமை அறுவைக்கு மூன்று முறை பெயர் கொடுத்தவர். மூன்று முறையும் ஓடிப்போனவர்.’ பிழை ஏதாவது இருக்கா?

– ஓடலை, சிஸ்டர் தெவாபெச். நடந்துதான் போனேன்.

– சிரிக்காதே, யெஷாலெம். மருமகள் சிரிச்சா மாமியார் நாலாவது தடவையும் நடப்பாங்க.

– சிரிக்கலை சிஸ்டர். வாசப்படியை மறிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

– பாத்தீங்களா? விடியறதுக்குள்ள எழுப்பிக் கழுதை மேல ஏத்தி இழுத்துட்டு வந்துட்டா. என் கண்ணை அறுக்க இவளுக்கு என்ன அவசரம்? வெள்ளிக்கிழமை மிக்கேல் திருநாள். பீர்ப் பானை பாதி நொதிச்சு நிக்குது. கண்ணுல கட்டோட போய் நான் எப்படிக் காய்ச்சுவேன்?

– யெஷாலெம் காய்ச்சுவா.

– அதுக்குத்தானே அவ காத்துக்கிட்டிருக்கா!

– போதும். இமையைப் புரட்டறேன், கீழ பாருங்க. அசையாதீங்க. அஞ்சு... ஏழு... எட்டு முடி உள்ளே குத்துது. இங்க வர்ற பொம்பளைங்க எல்லாரும் முந்தின நாளே முடியைச் சுத்தமாப் பிடுங்கிட்டு, என்னமோ விருந்துக்கு வர்ற மாதிரி வருவாங்க. எது குத்துதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? முளைச்சதும் வாங்கன்னு திருப்பி அனுப்பிருவேன். பிடுங்காம வந்தது நீங்க ஒருத்தர்தான். கழுத்துக் கயித்துல எப்பவும் தொங்குமே, முடி பிடுங்கற முள்வாங்கி, அது எங்கே?

– காணோம், சிஸ்டர். போன சந்தை நாள்லேர்ந்து காணோம். எங்கம்மா குடுத்தது, கொல்லன் அடிச்சது. அது இல்லாம ஒவ்வொரு தடவை இமைக்கிறப்பவும் மணலை வச்சு அரைக்கிற மாதிரி இருக்கு.

– அரைக்கத்தான் செய்யுது, கருவிழியை. பிடுங்கினா மட்டும் என்ன? குட்டையா, இன்னும் கூரா முளைச்சு வரும்.

– யாரோ என் குடும்பத்து மேல கண்ணு வச்சுட்டாங்க.

– யாரும் வைக்கலை. ஈதான் காரணம். ஒரு பிள்ளையோட பீளையில உக்காந்த ஈ அடுத்த பிள்ளை முகத்துல உக்காருது. நீங்களும் ஒரே சால்வை நுனியால ஆறு மூஞ்சியைத் துடைக்கிறீங்க. இமைக்குள்ள புண்ணு வந்து, ஆறி, மறுபடி வந்து, இருபது வருஷத்துல தழும்பு இழுத்து இமை உள்ளே மடங்கிருது.

– ஒரு மணி நேரம் நடந்து தண்ணி சுமக்கிறோம். மூஞ்சிக்கு ஊத்தவா, பருப்புக்கு ஊத்தவா?

– மூஞ்சிக்கு ஒரு கை தண்ணி போதும். சிவந்த கண்ணுக்குக் களிம்பு இருக்கு, மாத்திரை இருக்கு. மடங்கின இமைக்கு அறுவைதான். மரத்துப்போக ஊசி போடுவேன். இமையைக் கீறி, ஓரத்தை வெளியே திருப்பித் தைப்பேன். ஒரே ராத்திரி கட்டு. காலையில அவிழ்த்திருவேன்.

– ஒரு ராத்திரி முழுசுமா...

– ஆமா. இடக்கண்தான் திறந்திருக்குமே?

– திறந்துதான் இருக்கும்.

– ஏன் குரல் இறங்குது? ‘நன்று’ன்னு நீங்கதானே எழுதச் சொன்னீங்க? இருங்க. வலக்கண்ணை மூடறேன். எத்தனை விரல்?

– ரெண்டு.

– இப்போ?

– மூணு.

– நான் கையையே தூக்கலைம்மா.

– மெதுவாப் பேசுங்க, சிஸ்டர். வாசல்ல அவ நிக்கிறா.

– எப்பேர்ந்து தெரியலை?

– ரெண்டு மழைக்காலம் ஆச்சு. முதல்ல புகை மாதிரி இருந்தது, அப்புறம் பால் மாதிரி. நாலு பெத்தவ நான், கத்திக்குப் பயப்படலை. அந்தக் கட்டுக்குத்தான் பயம். கட்டினா முழு இருட்டு. கொல்லைக்குப் போகக்கூட ஒருத்தர் கையைப் பிடிக்கணும். வீடு முழுக்கத் தெரிஞ்சிரும். குதிர் அறைச் சாவி அவ இடுப்புக்குப் போயிரும். எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. அடுப்பு மூலையில உக்கார வச்சோம். நான்தான் உக்கார வச்சேன், சிஸ்டர். பதினோரு வருஷம். இஞ்சேரா அப்பத்தைக் கையில குடுத்தா வாங்கிக்குவா. குடுத்தது யாருன்னு கேக்கவே மாட்டா.

– அத்தை.

– கேட்டுட்டியா?

– கேட்டுத்தான் தெரியணுமா? ரெண்டு வருஷமா தண்ணிக்குப் போறப்ப உங்க இடப்பக்கம் யாரு நடக்கிறா? பள்ளம் அந்தப் பக்கம்தானே? குவளையை வலப்பக்கம் யாரு வைக்கிறா? சாவியை நீங்களே வச்சுக்கோங்க.

– அப்புறம் எதுக்குடி என்னை இங்க இழுத்துட்டு வந்தே?

– அறுத்த பிறகு உங்களுக்குக் கண்ணு தெரியுதான்னு பாக்கணும்.

– என்னை வச்சு சோதிச்சுப் பாக்கறியா? உனக்கு எதுக்கு அது?

– இந்தாங்க உங்க முள்வாங்கி. நான்தான் எடுத்தேன். சந்தைக்கு முந்தின நாள் எனக்கு முதல் முடி குத்த ஆரம்பிச்சது.

– அடிப் பாவி... இருபத்தாறு வயசுலயா? வெளிச்சத்துக்கு வா. எந்தக் கண்ணு? அழாதே, அழுதா எனக்கு முடி தெரியாது. அழாதேடி. சிஸ்டர், ஊசியை எடுங்க. முதல்ல நான்.

– முதல்ல எழுதணும். ‘இடக்கண் பார்வை இல்லை. “நன்று” என்று சோதிக்காமல் எழுதியது என் பிழை, அடித்துவிட்டேன். வெர்க்கினேஷ் தாமே சம்மதித்தார். வலக்கண் இமை இன்று திருத்தப்படும். இரவு இங்கேயே தங்குவார், மருமகள் உடனிருப்பார். நாளைக் காலை கட்டை அவிழ்த்த பிறகு அதே மேசையில் யெஷாலெமின் இமைகளைப் பார்ப்பது. வீட்டுப் பிள்ளைகள் அறுவருக்கும் மாத்திரை. முள்வாங்கி நிலையத்து இழுப்பறையில் வைக்கப்பட்டது. மிக்கேல் திருநாளுக்கு அந்த வீட்டில் இந்த ஆண்டு பீர் இல்லை.’