ஒரே மாடல்

— என்ன தம்பி, துணி துவைக்கிற மெஷினோட ஒரு போர்டுக்கு இவ்வளவா? இன்னும் கொஞ்சம் போட்டா புது மெஷினே வந்துடும் போலிருக்கே!

— அதைத்தான் கம்பெனிக்காரனும் சொல்றான்க்கா, பேசாம புதுசு வாங்கிக்கோங்கன்னு. மெஷினுக்கு மூளையே இந்தப் போர்டுதான், புரியுதுங்களா? அதான் அவன் வச்சதே விலை.

— பகல் கொள்ளை! எனக்குப் புதுசு வேணாம்ப்பா. மத்தியானம் வேலையெல்லாம் ஒழிஞ்சதும் இந்த வட்டக் கண்ணாடி முன்னால முக்காலியைப் போட்டு உட்கார்ந்துடுவேன். உள்ள நுரையும் தண்ணியுமா துணி சுத்துமா, பார்த்துக்கிட்டே இருந்தா அப்படியே கண்ணு சொருகிடும்.

— தூங்கிடுவீங்களா?

— தூக்கமும் இல்ல, முழிப்பும் இல்ல. கண்ணாடிக்குள்ள ரெண்டு சின்னப் பொண்ணுங்க கையைக் கோத்துக்கிட்டுத் தட்டாமாலை சுத்தும். ஒண்ணு நான். இன்னொண்ணு... சரி விடு, அவ பேச்சு எதுக்கு?

— தங்கச்சிங்களா?

— ம். இதே மாடல் அவகிட்டயும் ஒண்ணு இருக்கு. எங்கப்பா ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் வாங்கிக் கொடுத்தது. அப்பா வீட்டை வித்தப்போ பேச்சு தடிச்சுப் போச்சு. வாயில வந்ததையெல்லாம் சொன்னா. நானும் சும்மா இருக்கலை. அன்னையிலேருந்து ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்கிறதில்ல.

— அக்கா, கோச்சுக்கக் கூடாது. இந்தத் துண்டுக்குள்ள ஒரு போர்டு இருக்கு.

— ஏதுடா இது?

— இதே மாடலை ஒரு வீட்ல பார்த்த ஞாபகம். பழைய பார்ட்ஸ் எங்கயாச்சும் கிடைக்குமான்னு கேட்கப் போனேன். யாருக்குன்னாங்க. உங்க வீட்டைச் சொன்னேன். உடனே, எங்க மெஷின்லேருந்தே கழட்டிக்கோன்னுட்டாங்க.

— அவளா? எவ்வளவு கேட்டா?

— காசுப் பேச்சே எடுக்கலைக்கா. யார் கொடுத்ததுன்னு மட்டும் சொல்லிடாதேன்னாங்க. எனக்குத்தான் வாயில எதுவும் நிக்காது, புரியுதுங்களா?

— நல்ல ஓட்டை வாய்ப்பா உனக்கு. அவ மெஷினுக்கு என்ன கேடு வந்துச்சு?

— கேடா? நான் போனப்போ ஜோரா ஓடிட்டு இருந்துச்சு. பாதியில நிறுத்தி, நுரையோட துணியை வாளியில அள்ளிப் போட்டுட்டுத்தான் கழட்டச் சொன்னாங்க.

— அடிப்பாவி! கிறுக்கு, கிறுக்கு! எப்பவும் இப்படித்தான், முன்னப்பின்ன யோசிக்கவே மாட்டா...

— ஐயோ, அழாதீங்கக்கா. மாட்டட்டுமா, வேணாமா?

— மாட்டு. மாட்டிட்டு நேரா அவகிட்டப் போ. அந்த வாளியோட இங்க வரச் சொல்லு. உன் கையில கொடுத்தனுப்பினா ஒரு துணி துவைக்க மாட்டேன், அவளே தூக்கிட்டு வரணும்.