போடிக்கு வந்தும் வீட்டுக்கு வராதவன்

காலை இழுக்காத தம்பி! இழுக்காதங்கிறேன்ல… நரம்பு பெசகியிருக்கு. எண்ணெய போட்டு நீவாம விட்டா நாளைக்கு யானைக்கால் கணக்கா வீங்கிப்போகும். மலை ஏற வந்த ஆளைப் பாரு! குரங்கணியில கழுதை ஏறுது. எஸ்டேட்டுப் பொம்பளைக தலச்சுமையோட ஏறுறாக. பெங்களூரு இன்ஜினியருக்கு மட்டும் வழுக்கிருச்சாம்!

ஜீப்புக்காரன் காசிமாயன் வாசல்ல உன்னைய எறக்கிவிட்டுட்டு, "ஒங்க மகன் சுருளிவேலுகூட வேலை பாக்குறவராம், சுருளிவேலுதான் இங்கன கொண்டாந்து விடச் சொன்னாரு"ங்குறான். என் மகன் மலையில இருக்கானா? போடியத் தாண்டித்தான குரங்கணிக்குப் போகணும்? விடியக்காலம் இந்தத் தெருமுக்குல ஜீப்பு ஏறியிருக்கான்… பெத்தவ இங்கன இட்லி அவிச்சுக்கிட்டு இருக்கேன்… ஒரு எட்டு வரல!

கத்தாத, கத்தாத. இன்னும் நல்லா நீவவே ஆரம்பிக்கல.

என்ன சொன்னான் ஒன்கிட்ட? எங்கம்மா நீவுனா சுளுக்கு ஓடிப்போகும்னா? அது மட்டும் நெனப்பு இருக்கு தொரைக்கு!

மலை ஏறுறதுக்கு ஒரு கிளப்பு வச்சிருக்கீகளாம்ல… மாசாமாசம் சந்தாவாம்ல… காசு கட்டி மலை ஏறுற கூத்தை எந்த ஊர்லயாச்சும் கண்டிருக்கியா? மலையடிவாரத்துலயே பெறந்த பய தம்பி அவன். போடிமெட்டுக்கு அப்பாகூடப் போயிட்டு வாடான்னா மூணாவது வளைவுலயே வாந்தி எடுப்பான். வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதைதான். ஞாயித்துக்கெழமையானா கித்தாரு வேற படிக்கிறானாம். எதுக்கு? கச்சேரிக்குப் போகப்போறானா?

சரி, பாக்குற வேலையாவது வெளங்குதா? டெலிபோன் எக்ஸ்சேஞ்சு செய்யுறோம்ங்குறீக. ஆளே இல்லாம மிசினே லைனு மாத்திக் குடுக்குமாம். கேக்க நல்லாத்தேன் இருக்கு! நான் இங்கன அவன் ஆபீசுக்கு டிரங்கால் போட்டுட்டு, பருப்ப அடுப்புல ஏத்தி, அது வெந்து, தாளிச்சு, தின்னு ஏப்பம் விட்டப்பறம்தான் மணியடிக்கும். எடுத்தா கொர்ர்ருங்கும். "நல்லாருக்கியாம்மா"ம்பான், அதோட போச்சு. மொதல்ல ஆத்தாளோட லைனைச் சரிபண்ணுங்கடா, அப்பறம் தேசத்துக்குப் பண்ணலாம்!

இப்ப அந்தக் கொர்ருகூட இல்ல. போன பங்குனியிலருந்து போனுக்கே வரமாட்டேங்குறான். பொங்கலுக்கு வரல. சோலி இருக்காம். மலை ஏற சோலி இல்ல, வீட்டுக்கு வரத்தான் சோலி. ஆத்தா என்ன பண்ணுனேன் அவனுக்கு?

முன்னெல்லாம் வருவான். ஏலக்கா வியாபாரி வீடு, சும்மாவா விடுவேன்? அவன் ஆபீசருக்குன்னு ரெண்டு கிலோ முதல்தரக் காயாக் கட்டிக் குடுப்பேன். "வேணாம்மா, வெக்கமா இருக்கு"ம்பான். வெக்கமென்னடா, களவாண்ட சாமானா? பழைய ஆபீசரு நல்ல மனுசன், சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டாரு. அப்பறம் புதுசா ஒருத்தன் வந்தானாம்ல… பிரான்சு தேசத்துக்கு ஒரு ஆளைப் பயிற்சிக்கு அனுப்பப்போறாக, என் பேர்தான் எழுதியிருக்குன்னு என் மகன் சொன்னான். கேட்டுட்டு நான் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பேனா?

எங்க லோடு பெங்களூருக்குப் போறப்ப, லாரிக்கார மலைச்சாமிகிட்ட ஒரு சின்ன மூட்டை குடுத்துவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோகாத, ஆபீசுக்கே போயி நாலு பேரு பாக்க அந்தப் புது ஆபீசரு மேசையில வையி, "சுருளிவேலு அம்மா குடுத்தாக, பிள்ளையை மறக்காம பிரான்சுக்கு அனுப்பணுமாம்"னு சொல்லுன்னேன். சொன்னானாம். அவனுக்கு மெதுவாப் பேச வராது, ஆபீசு பூராக் கேட்டிருக்கும். அந்தத் திமிரு புடிச்ச ஆளு என்ன பண்ணுனான் தெரியுமா? பிரிச்சு மோந்துகூடப் பாக்கல, அப்பிடியே திருப்பி அனுப்பிட்டான்! ஏலத்துல அந்தக் காய்க்கு அடிச்சுக்கிறாக. அவனுக்கு மூக்கு இருக்கா, இல்லையா?

என்ன முழிக்கிற? ஏதோ சொல்ல வந்த… சொல்லு. சொல்லாம காலை விடமாட்டேன்.

…பேரை அடிச்சுட்டாகளா?

அதுக்காகவா? ஏலக்கா குடுத்ததுக்கா? லஞ்சமா! எது லஞ்சம்? எங்க வீட்டுக் காயி லஞ்சமா? அட வெளங்காதவனுகளா… எல்லாரு முன்னாடியும் கூப்பிட்டு வச்சுக் கேட்டானா? என் பிள்ளை என்ன சொன்னான்? தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னானா…

அப்ப யாரு போனா பிரான்சுக்கு?

நீயா!

இரு, இரு. பயப்படாத, ஒடிச்சிர மாட்டேன். இந்தப் பூட்சு அங்கன வாங்குனதா? அதான் குரங்கணியில நிக்கல.

எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னானா பாரு. நேரா வந்து, ஏன் ஆத்தா இப்பிடிப் பண்ணுனேன்னு கத்தியிருந்தா, நானும் நாலு வசவு வஞ்சிருப்பேன், அன்னைக்கே தீந்திருக்கும். வாயத் தொறக்காமலே வருசத்த ஓட்டிட்டான்.

என்னது, சாயங்காலம் பஸ்ஸ்டாண்டுல எல்லாரும் கூடுறீகளா? அவனுமா? அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன! எந்திரி… மெல்ல ஊனு… ஆ, அம்புட்டுத்தான், சுளுக்கு ஓடிப்போச்சு பாரு. வெரசாப் போ.

போயி அவன்கிட்டச் சொல்லு. ஆத்தா தப்ப ஒத்துக்கிட்டான்னு மட்டும் சொல்லிறாத, அந்த ஆபீசரு கிறுக்குப்பயதான். ஆனா வரச் சொல்லு. பஸ்சு போனாப் போகுது, நாளைக்கு ஒண்ணு வரும். ஒருவாய் சோறு தின்னுட்டுப் போகட்டும். ஒத்தக் காயிகூட மடியில கட்டிவிட மாட்டேன்னு சொல்லு.

நம்பமாட்டான்.

ஒண்ணுமில்லாத ஒன் ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டு. இந்தப் படி எறங்குன ஒருத்தரையும் இன்னைவரைக்கும் நான் வெறுங்கையா அனுப்புனதில்ல. பாத்தான்னா அவனுக்குத் தெரியும்.