மெழுகு விடாத கிற்றார்

எனக்குச் சீனி கொஞ்சம் தூக்கலாகப் போட்ட தேத்தண்ணிதான் பிடிக்கும். அதை என் தங்கை லவீனா போடுகிற மாதிரி வேறு யாருக்கும் போட வராது. எனக்குச் சுத்தமாக வராது. அவள் காய்ச்சலாகக் கிடந்தபோது ஒருமுறை முயன்று பார்த்தேன். எந்த அம்பிளிபயரையும் கழற்றிப் பூட்டக்கூடிய நான் கேத்திலிடம் தோற்றுப்போனேன். இந்தச் சின்ன விஷயத்தை முதலில் சொல்வதற்குக் காரணம், மாதா கோவில் பெருநாளன்று நடந்ததற்கு ஊரில் ஆளாளுக்குப் பெரிய பெரிய காரணம் சொல்லித் திரிவதுதான். செய்வினை என்றுகூட ஒருவர் சொன்னார். விஷயம் அவ்வளவு பெரிதில்லை.

என் பெயர் கிறிஸ்ரி. குருநகரில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவதும், பழுதான அம்பிளிபயர், கிற்றார் திருத்துவதும் என் தொழில். அம்மாவும் அப்பாவும் போன பிறகு வீட்டில் நானும் லவீனாவும்தான். தங்கைக்காகத்தான் நான் கலியாணம் கட்டவில்லை என்று சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. உண்மையில் என்னைக் கேட்டு யாரும் வரவில்லை.

லவீனா கோவில் பாடகர் குழுவில் பாடுகிறவள். பாட்டைவிட அவளுக்கு நன்றாக வருவது, ஆட்களைப் போலக் கதைத்துக் காட்டுவது. சுவாமியாரின் பிரசங்கம், பஸ் கொண்டக்டரின் கூப்பாடு, எல்லாம் அவள் தொண்டைக்குள் இருந்தன. பாடுவதற்கு முன்னால் அவளுக்குக் கை குளிர்ந்துவிடும். அந்தப் பயம் போக, பக்கத்தில் நிற்பவரின் காதுக்குள் யாரையாவது போலக் கதைத்துவிட்டுத்தான் பாட்டைத் தொடங்குவாள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அப்படி.

அந்தக் குழுவுக்குக் கிற்றார் வாசிக்கிறவன் ஜெனிஸ். ஜேர்மனியில் இருந்த அவனுடைய மாமன் விட்டுப்போன கிற்றார் ஒன்று அவனிடம் வந்து சேர்ந்தது. எங்கள் எல்லோரையும்விட வயது கூடிய கிற்றார். திருத்தித் தரச் சொல்லி அதை என்னிடம் கொண்டுவந்தான்.

"அண்ணை, கொஞ்சம் சத்தம் கூட்டினாக் காணும், பேய் பிடிச்ச மாதிரிக் கத்துது."

"வயசு போனா அப்பிடித்தான்," என்றாள் லவீனா, குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே. "எங்கடை அண்ணையைப் பாக்கேல்லையே?"

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அந்த அலறலுக்குக் காரணம் எளிது. தந்திகளுக்குக் கீழே இருக்கும் பிக்அப் என்பது, காந்தத்தைச் சுற்றி மயிரைவிட மெல்லிய செப்புக்கம்பி சுற்றிய சின்னப் பெட்டி. தந்தியின் அதிர்வை மட்டுமே அது கேட்க வேண்டும். வயது போகப் போகச் சுற்றுத் தளர்ந்து, கம்பியே ஆடத் தொடங்கும். பிறகு ஸ்பீக்கரில் இருந்து வரும் சத்தத்தையும் கேட்டு, அதைத் திரும்ப ஸ்பீக்கருக்கே அனுப்பி, சுற்றிச் சுற்றி ஓலமிடும். வைத்தியமும் எளிது. மெழுகை இளஞ்சூட்டில் உருக்கி, பிக்அப்பை அதற்குள் அமிழ்த்திவிட்டால், காற்றுக் குமிழிகள் வெளியேறி மெழுகு உள்ளே போய் இறுகும். கம்பி அசையாது. நான் கோவிலில் எரிந்து மிஞ்சும் மெழுகுதிரி அடிக்கட்டைகளைத்தான் உருக்குவேன். மாதாவுக்கு முன்னால் ஊரே அழுது ஏற்றிய மெழுகு என் பிக்அப்புகளுக்குள் அமைதியாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சுற்றுத் தளர்ந்த பிக்அப் மைக் போலவும் வேலை செய்யும். கிட்டக் குனிந்து கதைத்தால் அந்தக் கதை ஸ்பீக்கரில் வரும். இது கிற்றார் வாசிக்கிற எல்லோருக்கும் தெரியாது. ஜெனிஸுக்குத் தெரியாது.

மெழுகு விடுவது ஒரு பின்னேர வேலைதான். நான் செய்யவில்லை. ஜெனிஸ் நாள்தோறும் வந்து, முன்னறையில் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு பெருநாள் பாட்டுகளைப் பழகினான். லவீனா பக்கத்தில் இருந்து பாட்டுத் தாளைக் குனிந்து பார்ப்பாள். கிற்றாரில் இருந்து என் வேலையறைக்கு நீண்ட வயர் ஒன்று இழுத்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டேன். பரிசோதனைக்காகத்தான். முதல் நாள் பரிசோதனைக்காக என்பது முழு உண்மை.

அப்படித்தான் அவர்கள் கலியாணம் கட்டப்போவது எனக்குத் தெரிந்தது. ஜெனிஸின் அம்மா லூர்த்தம்மா சந்தையில் கருவாடு விற்கிறவர். மகனைவிடப் பெட்டைக்கு வயது கூட என்று நெடுநாள் முறுகிக்கொண்டு நின்று, ஒருவழியாக இறங்கி வந்திருந்தார். பெருநாளுக்கு மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து சம்மதம் சொல்வதாக ஏற்பாடு. அதைச் சொன்ன கையோடு லவீனா லூர்த்தம்மாவாகவே மாறினாள். கருவாட்டுக்கு முன்னால் இருந்து அவர் செபமாலை சொல்கிற விதம் அது. நான் வேலையறையில் சிரிப்பை அடக்கத் துவாயைக் கடித்துக்கொண்டேன்.

இன்னொரு பின்னேரம் ஜெனிஸ் கேட்டான்:

"அண்ணையை என்ன செய்யிறது?"

அவள் தொண்டையைச் செருமினாள். அது என் செருமல். பிறகு என் குரல் வந்தது.

"லவீனா... தேத்தண்ணி... சீனி காணாது, பிள்ளை..."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிகச் சரியாகச் செய்தாள். நான் ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். அது காதை நோகப்பண்ணியது. அதற்காகக் கோபப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். நான் அவளுடைய எதிர்காலத்தைத்தான் யோசித்தேன். இப்படி ஒரு வாயோடு இவள் அப்படி ஒரு மாமியிடம் போனால் என்ன ஆவது? என்றாவது ஒருநாள் அகப்படத்தான் போகிறாள். கலியாணத்துக்குப் பிறகு அகப்படுவதைவிட முன்னால் அகப்படுவது நல்லது. தகப்பன் இல்லாத வீட்டில் இதையெல்லாம் அண்ணன்தானே பார்க்க வேண்டும்.

மறுநாள் பிக்அப்பின் மூடிக்கு வெளியே மட்டும் மெழுகு பூசினேன். உள்ளே ஒரு துளியும் விடவில்லை. ஜெனிஸ் முகர்ந்து பார்த்துவிட்டு, "பூசை வாசம் அடிக்குது, அண்ணை," என்றான். சத்தத்தைக் குறைத்து வைத்து வாசித்துக் காட்டினேன். கூட்டினால் அயலுக்கு இடைஞ்சல் என்றேன்.

"முந்தி ஒவ்வொரு பாட்டு முடியவும் வொலியூமைப் பூட்டுவாய் என்ன? இனித் தேவையில்லை. திறந்தே விடு."

"ஓம் அண்ணை. உங்களை மாதிரி வேலைகாரன் இஞ்சை ஆர் இருக்கினம்!"

பெருநாளன்று ஒலிபெருக்கி என்னுடையது. பொழுதுபட்டதும் கோவில் வளவு நிறைந்துவிட்டது. லூர்த்தம்மா புதுச் சேலை கட்டி, கையில் செபமாலையோடு முன்வரிசையில் இருந்தார். சந்தைப் பெண்கள் அவரைச் சுற்றி இருந்தார்கள். முதல் பாட்டு அருமையாக வந்தது. அடுத்தது லவீனா தனியாகப் பாட வேண்டியது. நான் பாடகர் மைக் எல்லாவற்றையும் மூடினேன். மைக்கில் எரிகிற சின்ன விளக்குகள் அணைந்ததை அவள் பார்த்தாள். இனிக் கதைத்தால் வெளியே கேட்காது என்று நினைத்திருப்பாள். பிறகு கிற்றாரின் சத்தத்தை, அலறத் தொடங்குவதற்கு ஒரு மயிரிழை கீழே வரை ஏற்றினேன். அது சுலபமான வேலையில்லை. கைப்பக்குவம் வேண்டும்.

அவள் கைகளைத் தேய்த்துக்கொண்டு ஜெனிஸின் பக்கம் குனிந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் கிற்றார் இருந்தது.

"அருள் நிறைந்த மரியே வாழ்க... எடியே, கட்டாக் கருவாட்டிலை கை வையாதை... கர்த்தர் உம்முடனே... மோந்து பாக்கிறதுக்கு இதென்ன மல்லிகைப்பூவே? வாங்கிறதெண்டாத் தொடு... பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே..."

கோபுரத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கர்கள் அதைக் கடல் வரைக்கும் கொண்டுபோயின. சனம் ஒரு கணம் திகைத்தது. பிறகு முழு வளவும் சிரித்தது. சந்தைப் பெண்கள்தான் கூடச் சிரித்தார்கள். சுவாமியார் சிரித்துவிட்டு இருமினார். எல்லாவற்றுக்கும் மேலே ஸ்பீக்கரில் ஜெனிஸின் சிரிப்பு கேட்டது. லூர்த்தம்மாவுக்கு அதுதான் சுட்டிருக்க வேண்டும். என் விரல் கிற்றாரின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழில்தான் இருந்தது. மூடியிருக்கலாம். லூர்த்தம்மா எழும்பி நடக்கும் வரைக்கும் மூடவில்லை. அதற்குப் பிறகு கிற்றார் ஓலமிடத் தொடங்கியது. அது சனத்தின் காதுக்குக் கூடாது என்பதால் உடனே மூடிவிட்டேன்.

பெருநாள் சபையார் என்னைக் கேட்டார்கள். பழைய பிக்அப், மெழுகு பிடிக்கவில்லை என்றேன். தொழிலில் இதெல்லாம் சகஜம் என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

மறுநாள் லூர்த்தம்மா வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. ஜெனிஸ் கெஞ்சிப் பார்த்திருக்கிறான். அவர் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். ஒரே பிள்ளை, அவன் என்ன செய்வான்? கடைசியில் கிற்றாரைக் கொண்டுவந்து என்னிடம் தந்தான்.

"நீங்களே வச்சிருங்கோ அண்ணை. பாக்க ஏலாமல் கிடக்கு."

படலை வரை போனவன் திரும்பி நின்றான்.

"உங்களுக்கெண்டு எங்கடை வீட்டிலை முன் அறைக்குப் பெயின்ற் அடிச்சனான். அண்ணையைத் தனிய விட்டிட்டு வரமாட்டன், அவரும் எங்களோடைதான் இருக்கோணும் எண்டு நான் கேட்ட அண்டைக்கே அவள் சொன்னவள். உங்கடை வேலை மேசை வைக்கவும் இடம் அளந்து வச்சிருந்தம்."

நான் ஹெட்போனைக் கழற்றி வைத்த பிறகு சொல்லியிருக்கிறாள் போல.

"கடற்காத்து அடிக்கிற அறை, தம்பி," என்றேன். "என்ரை சாமானுக்கெல்லாம் கறள் பிடிச்சிடும்."

லவீனா அன்றைக்குத்தான் என் முன்னால் அழுதாள்.

"என்ரை வாயாலை உங்களையும் தலைகுனிய வச்சிட்டன், அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

நான் அவளை மன்னித்தேன். ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. தலையைத் தடவிவிட்டேன். வேறு அண்ணன்மார் என்றால் அடித்திருப்பார்கள்.

இப்போது அவள் பாடப் போவதில்லை. யாரையும் போலக் கதைத்துக் காட்டுவதும் இல்லை. தேத்தண்ணி நேரத்துக்கு வருகிறது. சீனி அளவாக இருக்கிறது. கிற்றாரைக் குசினிச் சுவரில் சாத்தி, வயரை வேலையறைக்கு இழுத்து வைத்திருக்கிறேன். நாள்தோறும் ஹெட்போனை மாட்டிச் சத்தத்தை முழுக்கத் திறந்து பார்க்கிறேன். கேத்தில் சீறுவது கேட்கிறது. கோப்பையில் கரண்டி படுவது கேட்கிறது. குரல்தான் வருவதில்லை. இன்னும் மெழுகு விடவில்லை. இனி விடத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். பழைய சாமான்கள் சிலவேளை தானாகவே திருந்திவிடுகின்றன.